இந்தா வந்துட்டாக

அத்தியாயம் 9

அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடிக்கு அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது சத்தியப்பிரியாவின் அன்றாட வழக்கம். வழியெல்லாம் பூமிநாதன் எதையாவது பேசிக்கொண்டே வருவான். எந்த மருந்துக் கம்பெனிக்காரன் எதைத் தலையில் கட்டப் பார்க்கிறான், ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பாதி காதில் விழும், பாதி காற்றோடு போகும்.

அன்றைக்கு அவன் வாயே திறக்கவில்லை.

முந்தின நாள் சாப்பிடும்போது அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "இனிமே நான் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேண்ணே."

அப்படி ஒன்றும் பெரிய பொய் இல்லை அது. டாக்டர் குருநாதனின் நர்சிங் ஹோமில் வரவேற்பு மேஜைக்கு வந்த நாள் முதல் அவள் சொல்லிவருவதுதான். வாசல் பலகையில் காலை பத்து மணி என்று போட்டிருக்கும். டாக்டரோ மதுரையில் ஆபரேஷன்களை முடித்துக்கொண்டு கார் ஏறவே பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். ஃபோன் வந்தால், "டாக்டர் இந்தா வந்துட்டாக, பிள்ளையார்பட்டி தாண்டிட்டாக, நீங்க வாங்க" என்று சொல்ல வேண்டும். ஹாலில் யாராவது எழுந்து வந்து கேட்டாலும் அதே பதில்தான். அங்கே மேனேஜராக இருந்த பூமிநாதன்தான் முதல் நாளே அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். அவன் கற்றுக்கொடுத்த மற்ற வேலைகளைப் போலவே அதையும் அவள் கற்றுக்கொண்டாள்.

போன வாரம் பெத்தன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரியா வீட்டுத் தெருக்காரர். கூட வந்த மகள் மீனு, அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாமா என்று எழுந்து எழுந்து வந்து கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பிரியா பிள்ளையார்பட்டியைச் சொல்லி உட்காரவைத்தாள். டாக்டர் வந்து பார்த்தபோது குடல்வால் வெடித்திருந்தது. அப்படியே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் மனுஷர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார்.

யாரும் பிரியாவைக் குற்றம் சொல்லவில்லை. "பிரியா கூடவே நின்னு பாத்துக்கிட்டா" என்று மீனு ஊரெல்லாம் நன்றியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கிறபோதெல்லாம் பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நர்சிங் ஹோம் வாசலில் பைக்கை நிறுத்தியதும்தான் பூமிநாதன் பேசினான். "ஊரு உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலம்மா இதைச் சொல்லல? நீ கத்தியை எடுத்தா வெட்டுன? மாமா வயித்துக்குள்ள நடந்ததுக்கு நீ என்ன செய்வ?"

"அவுக எந்திரிச்சுப் போகப் பாத்தாகண்ணே. நான்தான் உக்காரவச்சேன்."

"தேவகோட்டையில புதுசாக் கட்டுற ஆஸ்பத்திரிய என் பொறுப்புல விடுறேன்னு டாக்டர் சொல்லியிருக்காக. இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்குமாவது பொறுமையா இரு." ஹெல்மெட்டைக் கழற்றி அவளைப் பார்த்தான். கோபத்தை விடப் பயம்தான் அவன் கண்ணில் தெரிந்தது. "நான் மருந்து விஷயமா வெளிய போயிட்டு வந்துர்றேன். ஏடாகூடமா எதுவும் செஞ்சுறாத."

அவள் தலையாட்டவில்லை. அதை அவன் பார்த்தானோ என்னவோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதல் ஃபோன் இளையாத்தங்குடியிலிருந்து வந்தது. பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல் என்றாள் ஒரு பெண்.

"டாக்டர் இருக்காகளா?"

பிரியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பழகிப்போன வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அவற்றை விழுங்கினாள்.

"இன்னும் மதுரையிலதான் இருக்காக. இங்க வர மத்தியானம் ஒரு மணி ஆயிரும். பிள்ளைக்குக் காய்ச்சல் கூடுதலா இருந்தா காத்துக்கிட்டு இருக்காதீக. பக்கத்துல யாரையாவது பாத்துருங்க."

மறுமுனையில் யாரிடமோ கலந்து பேசும் குரல் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள். "நல்ல வேளை, சொன்னீக. நாங்க திருப்பத்தூருக்குப் போயிக்கிறோம்."

அடுத்துப் பேசிய ஆள் வேறு மாதிரி. "டாக்டர் இல்லாம எதுக்கும்மா ஆஸ்பத்திரியத் தொறந்து வச்சிருக்கீக? பலகையில பத்து மணின்னு போட்டிருக்குல்ல?" என்று எரிந்து விழுந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

ஃபோனில் சொல்லிவிட்டு ஹாலில் இருப்பவர்களிடம் மறைப்பது எப்படி? எழுந்து போய் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. இரண்டாவது தடவை சொன்னபோது நடுங்கவில்லை.

சலசலப்பு எழுந்தது. சிலர் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்கள். சர்க்கரைக்கு மாதாமாதம் வந்து பார்க்கும் ஒருவர், "அப்ப நான் கடைவீதிக்குப் போயி கொஞ்சம் சாமான் வாங்கிட்டு வந்துருவேன்ல. இத்தனை நாளும் இங்கயே உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தேனே" என்று பையைத் தட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர் மட்டும் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டார். "எத்தனை மணியானாலும் எனக்கு இவுகதான் பாக்கணும். நீ போயி ஒன் வேலையப் பாரு தாயி" என்றார்.

எப்போதும் உட்கார இடமில்லாமல் இருக்கும் ஹாலில் பாதி நாற்காலிகள் காலியாகின.

பூமிநாதன் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டான். நாற்காலிகளைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். எக்ஸ்ரே அறைப் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பேரு சத்தியப்பிரியான்னு வச்சதுக்காக இப்படியாம்மா?" அவன் குரல் உயரவே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் இங்க மருந்து கட்டிக் குடுக்குற ஆளா வந்தவன். படிப்படியா ஏறி இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன். உன்னை இங்க சேத்துக்கிட்டதும் என் வார்த்தைய நம்பித்தான்."

"தெரியும்ணே. அதுனாலதான் முதல்ல உங்ககிட்ட சொன்னேன். மறைச்சுச் செய்யலையே."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வெளியே டாக்டர் கார் ஹாரன் கேட்டது. சட்டென்று நிமிர்ந்தான்.

"நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்."

டாக்டர் குருநாதன் வேகமாக நடக்கும் மனிதர். விடியற்காலையிலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராகக் காரில் இட்டிலியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஏழை எளியவர்களுக்குக் கணக்குப் பார்க்காமல் வைத்தியம் செய்திருக்கிறார். ஹாலுக்குள் வந்ததும் அவர் நடை நின்றது.

"என்ன பூமி, கூட்டத்தையே காணோம்?"

"ஃபோன் லைன் கெட்டுப்போச்சு சார்." பூமிநாதன் கண் இமைக்காமல் சொன்னான். "காலையிலருந்து ஒரு ஃபோனும் வரல. டாக்டர் வரலையோன்னு சனம் நினைச்சிருச்சு போல."

"லைன்மேனைக் கூப்பிட்டீங்களா?"

"சொல்லியிருக்கேன் சார். மத்தியானத்துக்கு மேல வாரேன்னுட்டான்."

"சரி, சீக்கிரம் சரி பண்ணச் சொல்லுங்க." டாக்டர் நம்பிவிட்டார். தன் அறைக்குள் போய்க் கைகழுவ ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சின்ன வயதில் அவள் உடைத்த சட்டியைத் தான் உடைத்ததாகச் சொல்லி ஆத்தாவிடம் அடி வாங்கிக்கொண்ட அதே முகம். 

பேசாமல் இருந்துவிட்டால் அவளுக்கு வேலை மிஞ்சும். அவனுக்குத் தேவகோட்டை மிஞ்சும். நாளைக்குக் காலையில் ஃபோன் அடிக்கும். எடுத்துப் பிள்ளையார்பட்டி என்று சொல்லாவிட்டால், நாளைக்கும் லைன் கெட்டுப்போக வேண்டும். இல்லாத லைன்மேன் ஒருவன் தினமும் மத்தியானம் வர வேண்டும். அவளுக்காக அண்ணன் எத்தனை நாள் இப்படி நின்று வியர்த்துக்கொண்டிருப்பான்?

அவள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினாள்.

"சார், ஃபோன் நல்லாத்தான் இருக்கு. நீங்க மதுரையில இருக்கீங்க, வர ஒரு மணியாகும்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

பின்னாலேயே ஓடிவந்த பூமிநாதன் கதவருகே கல்லாகிவிட்டான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பூமி, லைன் கெட்டிருக்கா இல்லையா?"

"இல்ல சார்."

"லைன்மேன்?"

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்தனை வருஷமா நீங்க எது சொன்னாலும் நான் திருப்பிக் கேட்டதே இல்லை" என்றார் டாக்டர். அதில் கோபத்தை விட அதிர்ச்சிதான் இருந்தது. பூமிநாதன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் திரும்பி விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். சற்று நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "உட்காரும்மா. பெத்தன் விஷயம்தானே? எனக்கும் மனசு சரியில்லைதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. ஆபரேஷனுக்கு முன்னால பயந்து நடுங்குறவங்ககிட்ட, 'ஒண்ணுமே இல்ல, சின்ன விஷயம்'னு நான் தினமும் சொல்றேன். அதுவும் பொய்தான். அதைச் சொல்லாம வைத்தியமே பார்க்க முடியாது. நீ சொல்றதும் அந்த மாதிரிதான். காத்திருக்கிறவனுக்கு ஒரு தெம்பு."

உட்காராமலே அவள் பதில் சொன்னாள். வாரம் முழுக்க மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்த விஷயம் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சொல்றதைக் கேட்டு அவுக பயமில்லாமப் படுக்குறாங்க சார். பக்கத்துலயே நீங்க இருக்கீங்க. நான் சொல்றதைக் கேட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகாம இங்க உக்காந்துருக்காங்க. பக்கத்துல யாருமே இல்ல."

டாக்டர் பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார்.  

"நான் மதுரையையும் விட முடியாது, இதையும் விட முடியாது" என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது, ஒரு முதலாளியின் குரலாக. "கூட்டம் இல்லேன்னா இங்க இருக்கிற யாருக்கும் வேலை இல்லை. ராத்திரி யோசிச்சுட்டு, நாளைக்கு வரும்போது ஒரு முடிவோட வா. நான் சொல்லச் சொன்னதைச் சொல்றதா இருந்தா மேஜையில உட்காரு."

"இன்னைக்கே முடிவோடதான் சார் வந்தேன்."

அவர் மணியை அழுத்தினார். முதல் ஆளாகக் கானாடுகாத்தான் ஆச்சி உள்ளே வந்தார். கடைவீதிக்குப் போனவரும் பையோடு திரும்பியிருந்தார். இருந்தவர்களை எல்லாம் வரிசையாக அனுப்பிவைத்து, மேஜையைத் துடைத்துவிட்டு, பிரியா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அண்ணனின் ஃபோன் அணைந்தே கிடந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே ஆத்தா அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து கேட்டாள். "மத்தியானம் சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தி, "இல்லாத்தா. பசிக்குது" என்றாள். ஆத்தா திட்டிக்கொண்டே தட்டை எடுத்தாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் மனைவி சிவரஞ்சனி மதினி நிமிரவில்லை. அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. யார் மூலமோ அவளுக்குச் சேதி வந்துவிட்டது என்பது சேலையை உதறிய வேகத்திலேயே தெரிந்தது.

"அவரு உனக்காகச் சொன்ன பொய் அது. அதை ஏன் போயி உடைச்ச?"

"எனக்காகச் சொன்னதுனாலதான் மதினி. வேற யாருக்காகச் சொல்லியிருந்தாலும் நான் பேசாம இருந்திருப்பேனோ என்னவோ."

"பெரிய நியாயம்." சிவரஞ்சனி சேலையைக் கீழே வைத்தாள். "நான் தினம் எத்தனை பேருகிட்ட 'இது சாயமே போகாது, உங்க நிறத்துக்குன்னே நெய்தது'ன்னு சொல்றேன் தெரியுமா? கேக்குறவுகளுக்கும் தெரியும் அது பொய்யின்னு. சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறாக. வேலைன்னா அப்படித்தான். நீ என்ன, எங்களை எல்லாம் கொலைகாரவுக ஆக்குற?"

"சாயம் போனா அந்தச் சேலை போகும் மதினி." சோற்றைப் பிசைந்த கையோடு பிரியா அவளைப் பார்த்தாள். "உங்களை நான் ஒண்ணும் சொல்லல. நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்னுதான் சொல்றேன்."

"அவரு பொழைப்பு போச்சுன்னா?"

 தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள பிரியாவால் முடியவில்லை. "தெரியல மதினி" என்றாள். சிவரஞ்சனியின் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி துணியை எடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பிரியாவின் ஃபோன் அடித்தது. அண்ணன்.

"மதினிகிட்ட நான் கடைவீதியில இருக்கேன்னு சொல்லிரு. வர நேரமாகும்."

கடைவீதிச் சத்தம் இல்லை அது. எங்கோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டது. யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள்.

"எங்கண்ணே இருக்கீக?"

"சொன்னதைச் சொல்லேன் பிரியா."

"எங்க இருக்கீகண்ணே?"

நீளமாக ஒரு மூச்சு வந்தது. "மதுரையில. பெத்தன் மாமா வார்டு வாசல்ல."

அவள் ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனை மதினிக்கு முன்னால் வைத்தாள். "மதினி பக்கத்துலதான் இருக்காக. நீங்களே சொல்லிருங்க."

"என்கிட்டயே கடைவீதின்னு சொல்லச் சொன்னீகளா?" சிவரஞ்சனி கேட்டாள்.

"நீ பயந்துருவன்னு பாத்தேன்." பூமிநாதனின் குரல் கரகரத்தது. "பைக்கை எடுத்துக்கிட்டு எங்கிட்டுப் போறோம்னே தெரியாமத்தான் கிளம்புனேன். மேலூர் வந்தப்பறம்தான் இங்குட்டு வாரோம்னு எனக்கே தெரிஞ்சுச்சு. மீனுகிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு நீங்க காத்துக்கிட்டு இருந்தப்ப டாக்டர் மதுரையவிட்டுக் கிளம்பவே இல்ல, பிள்ளையார்பட்டி தாண்டிட்டாகன்னு சொல்லச் சொன்னது நான்தான்னு."

"சொன்னது நான்தானேண்ணே" என்றாள் பிரியா. "அதையும் சொன்னீகளா?"

"அதை எதுக்கு..."

"நாளைக்கு நானே வந்து சொல்றேன்."

ஆத்தா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். சிவரஞ்சனி ஃபோனை நெருங்கி உட்கார்ந்தாள். "மீனு என்ன சொன்னா?"

"ஒரு வார்த்தை பேசல. எந்திரிச்சு வெளிய போனவதான். வராந்தாவுல நின்னு யாருக்கோ ஃபோன் பண்ணிக்கிட்டு இருக்கா. என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறா. மாமா தூங்குறாக, அவுகளுக்கு இன்னும் தெரியாது." பேச்சு அறுந்தது. "இந்தா, டாக்டர் இன்னொரு லைன்ல வாராக."

மூன்று பெண்களும் ஃபோனையே பார்த்தார்கள்.

"எடுத்தா, எங்க இருக்கேன்னுதான் மொதல்ல கேப்பாக" என்றான் பூமிநாதன். யோசனை கேட்கிற குரல் அது. யாரிடம் கேட்கிறான் என்று தெரியவில்லை.

பிரியா வாயைத் திறப்பதற்குள் சிவரஞ்சனி முந்திக்கொண்டாள்.

"மதுரையில இருக்கேன்னு சொல்லுங்க. எதுக்குப் போனீகன்னும் சேத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம். பூமிநாதன் மற்ற லைனை எடுத்துவிட்டான்.